கண்டம் கடந்த மகிழுந்து

1903ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரில், வசதி படைத்தோர் கூடிப் பேசும் ஒரு மன்றத்தில் சிலர் உரையாடிக்கொண்டிருந்தனர். பேச்சு, அப்போது புதிதாக வந்திருந்த மகிழுந்தின் பக்கம் திரும்பியது. அது பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள், சில ஆண்டுகளில் காணாமல் போய்விடும் என்றே அங்கிருந்தவர்களுள் பலர் கருதினர். ஊருக்குள் சிறிது தூரம் ஓடலாம். குதிரையின் இடத்தை அது பிடிக்காது என்பது அவர்களுடைய முடிவு. அந்தக் கூட்டத்தில் 31 வயது மருத்துவர் ஒருவரும் இருந்தார். அவர் பெயர் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன். அவர் அந்த முடிவை ஏற்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை, மூன்று மாதங்களுக்குள் மகிழுந்திலேயே சென்று காட்டுவதாக 50 டாலர் பந்தயம் கட்டினார்.

பந்தயம் கட்டியபோது அவரிடம் சொந்தமாக மகிழுந்து இல்லை. அதைப் பழுதுபார்க்கவும் அவருக்குத் தெரியாது. ஆனால், நான்கே நாள்களில் அவர் புறப்பட்டுவிட்டார்.

ஜாக்சன் 1872இல் கனடாவின் டொராண்டோ நகரில் பிறந்தவர். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள வெர்மாண்ட் மாநிலத்தில் மருத்துவம் பயின்று, அங்கேயே மருத்துவராகப் பணியாற்றினார். காசநோய் கண்டதால் சில ஆண்டுகளிலேயே அந்தத் தொழிலை விட்டார். அவருடைய மனைவி பெர்த்தா செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே, ஜாக்சனுக்குப் பணத்தட்டுப்பாடு இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. பணம் இல்லாத ஒருவர் அன்று இப்படியொரு பந்தயத்தைக் கனவிலும் கட்டியிருக்க முடியாது. எனினும், பணம் மட்டுமே இருந்த பலர் அந்தப் பயணத்திற்குத் துணியவில்லை என்பதும் உண்மைதான்.

அன்றைய சாலைகளைப் பற்றித் தெரிந்துகொண்டால்தான் அந்தத் துணிவின் அளவு நமக்குப் புரியும். ஜொகூர் பாருவிலிருந்து பினாங்குக்குக் காலையில் கிளம்பினால், இடையிடையே ஓய்விடங்களில் தேநீர் அருந்தி, மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. 1903இல் அமெரிக்கா முழுவதிலும், நகரங்களுக்கு வெளியே, செப்பனிட்ட சாலை 240 கிலோமீட்டருக்கும் குறைவாகவே இருந்தது. மற்றவை எல்லாம் குதிரைவண்டித் தடங்கள். மழை பெய்தால் அவை சேறாகும். வெயில் அடித்தால் புழுதியாகும். பெட்ரோல் நிலையம் என்ற ஒன்றே கிடையாது. சிற்றூர்களின் பலசரக்குக் கடைகளில் கிடைத்தால் உண்டு. வழிகாட்டிப் பலகைகளும் இல்லை. மகிழுந்து ஓட்டுவோருக்கான வரைபடமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1901இல், அலெக்சாண்டர் விண்டன் என்ற மகிழுந்துத் தயாரிப்பாளரே இந்தப் பயணத்தைத் தொடங்கி, நெவாடா பாலைவன மணலில் சிக்கிக் கைவிட்டிருந்தார். வண்டியைச் செய்தவருக்கே முடியாத காரியம் அது.

ஜாக்சன் முதலில் தேடியது வண்டியை அன்று, ஆளை. சூவல் கிராக்கர் என்ற இளைஞர் அவருக்குக் கிடைத்தார். வயது இருபதுகளின் தொடக்கம். மிதிவண்டிப் பந்தய வீரராக இருந்தவர். இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுவதில் கைதேர்ந்தவர். கிராக்கரின் பரிந்துரையின்பேரில்தான் ஜாக்சன் விண்டன் நிறுவனத்தின் மகிழுந்து ஒன்றை வாங்கினார். அது புதியதன்று, சிறிது ஓடியது. அதற்கு அவர் கொடுத்த விலை 3,000 டாலர். இரண்டு உருளைகள், 20 குதிரைத்திறன். மேற்கூரை இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. நல்ல சாலையில் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகம் போகும். நல்ல சாலைதான் இல்லை. தம் மாநிலத்தின் நினைவாக அந்த வண்டிக்கு ஜாக்சன் ‘வெர்மாண்ட்’ என்று பெயரிட்டார்.

பெர்த்தா கணவரைத் தடுக்கவில்லை. தாம் இரயிலில் வீடு திரும்புவதாகச் சொல்லிவிட்டு, அவரை அனுப்பி வைத்தார். பின்பக்க இருக்கை கழற்றப்பட்டு, அந்த இடத்தில் படுக்கை விரிப்புகள், மழையங்கிகள், கோடரி, மண்வெட்டி, தொலைநோக்கி, துப்பாக்கிகள், தூண்டில், புகைப்படக் கருவி, உதிரிப்பாகங்கள், பெட்ரோல் கலன்கள் ஆகியவை அடுக்கப்பட்டன. கப்பியும் நீண்ட கயிறும் அவற்றுள் இருந்தன. மே 23ஆம் நாள் இருவரும் படகில் விரிகுடாவைக் கடந்து, கிழக்கு நோக்கிப் புறப்பட்டனர். ஏறக்குறைய 25 கிலோமீட்டர் போவதற்குள்ளேயே ஒரு சக்கரத்தின் டயர் வெடித்தது. பொருத்தமான மாற்று டயர் அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் முதல் நாளிலேயே தீர்ந்தது.

விண்டன் சிக்கிய பாலைவனத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதில் ஜாக்சன் உறுதியாக இருந்தார். எனவே, அவர் நேர்க்கிழக்கே போகாமல் முதலில் வடக்கே திரும்பி, கலிபோர்னியாவைக் கடந்து ஓரிகன் மாநிலத்திற்குள் நுழைந்தார். வழி நீளும்; ஆனால் போய்ச் சேரலாம். பயணம் முழுவதிலும் அவர் எடுத்த முடிவுகளுள் இதுவே சிறந்தது எனலாம்.

மலைப்பாதைகளில் வண்டியின் இரைச்சல் காதை அடைத்தது. பின்னால் கட்டியிருந்த சமையல் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது அவர்கள் காதில் விழவே இல்லை. ஓரிடத்தில் ஒருவர் அந்தக் கரடுமுரடான பாதை தம்முடையது என்று கூறி, கடந்து செல்ல 4 டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டார். இன்னோர் இடத்தில், வெள்ளைக் குதிரையில் வந்த ஓர் இளம்பெண்ணிடம் வழி கேட்டனர். அவர் காட்டிய வழியில் நெடுந்தூரம் சென்றால், பாதை ஒரு பண்ணைவீட்டில் முடிந்தது. அங்கிருந்தவர்கள் வெளியே வந்து வண்டியை வியப்போடு சுற்றிச் சுற்றிப் பார்த்தனர். வேறு வழியின்றித் திரும்பி வந்தபோது அதே பெண்ணை மீண்டும் சந்தித்தனர். தம் வீட்டார் இதுவரை மகிழுந்தைப் பார்த்ததே இல்லை. அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் அந்தப் பக்கம் அனுப்பியதாக அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அந்தப் பெண்ணின் ஆசைக்காக இருவரும் வீணாக ஓட்டியது ஏறத்தாழ 174 கிலோமீட்டர். ஜாக்சனுக்கு அன்று கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால், பிற்காலத்தில் அவர் அதை வேடிக்கைக் கதையாகவே சொன்னார்.

டயர் பிரச்சினை விடாமல் துரத்தியது. தந்தி அடித்து டயர்களை வரவழைத்து, அவை வந்து சேருமா என்று நாள்கணக்கில் சிற்றூர்களில் காத்திருந்தனர். காத்திருந்து பயனில்லை என்று தெரிந்தபோது, பழைய டயரைக் கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓட்டினர். ஓரிகனில் வண்டி நடுவழியில் நின்றபோது, குதிரையில் வந்த மாட்டிடையர் ஒருவர் அதைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றார். மகிழுந்து குதிரையை வெல்லும் என்று பந்தயம் கட்டியவர், குதிரையின் பின்னால் இழுபட்டுச் செல்ல வேண்டியிருந்தது.

அதே மாநிலத்தில் பெட்ரோலும் தீர்ந்துபோனது. அருகிலிருந்த ஊர் பர்ன்ஸ். தொலைவு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஒரு மிதிவண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிராக்கர் போனார். வழியில் மிதிவண்டியின் சக்கரமும் காற்றிழந்தது. சுமையோடு நடந்தே திரும்பினார். அவர் கொண்டுவந்தது சில காலன் எரிபொருள்தான். அதற்கு அந்த ஊர்க் கடைக்காரர் வாங்கிய விலையோ மிக அதிகம். பந்தயம் ஜாக்சனுடையது, நடந்த கால்கள் கிராக்கருடையவை.

ஐடஹோ மாநிலத்தின் கால்ட்வெல் என்ற ஊரில் பயணிகளின் எண்ணிக்கை மூன்றானது. மூன்றாமவர் ஒரு நாய். தம் பயணத்திற்கு ஒரு நாய் துணையாக இருந்தால் நல்லது என்று ஜாக்சன் முன்பிருந்தே நினைத்திருந்தார். அங்கே 15 டாலருக்கு ஒரு ‘புல்டாக்’ வகை நாய் கிடைத்தது. அதற்குப் ‘பட்’ என்று பெயர் வைத்தார். வறண்ட நிலத்தின் உவர்ப்புழுதி பட்டுப் பட்டின் கண்கள் சிவந்து எரிந்தன. ஆகவே, ஓட்டுநர்கள் அணிவது போன்ற கண்காப்புக் கண்ணாடியை ஜாக்சன் அதற்கும் அணிவித்தார். முன்னிருக்கையில் இருவருக்கும் நடுவே, கண்ணாடி அணிந்து, பாதையை உற்றுப் பார்த்தபடி அது உட்கார்ந்திருக்கும். எதிரே மேடு பள்ளம் வருவதைக் கண்டால் முன்கூட்டியே கால்களை ஊன்றிக்கொள்ளவும் கற்றுக்கொண்டது. செய்தித்தாள்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதன் பிறகு அவர்கள் போகுமிடமெல்லாம் கூட்டம் கூடியது. பட்டின் படம் பல நாளேடுகளில் வெளிவந்தது. அந்த மூவருள் கெட்ட வார்த்தை பேசாதது அது ஒன்றுதான் என்று ஜாக்சன் பின்னாளில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

பயணத்தின் நடுவே ஜாக்சனின் மேலங்கி எங்கோ விழுந்து தொலைந்தது. அதோடு, கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதியும் போயிற்று. பெர்த்தாவுக்குத் தந்தி அடித்துப் பணம் அனுப்பச் சொன்னார். அடுத்து முன்சக்கரத்தின் பேரிங் தேய்ந்து போனது. அந்த வனாந்தரத்தில் அதை எங்கே வாங்குவது? கிராக்கர் ஒரு விவசாயியிடம் பேசி, அவருடைய புல்வெட்டும் இயந்திரத்திலிருந்த பேரிங்கைக் கழற்றி வாங்கி வண்டியில் பொருத்தினார். அந்தத் திறமையைத்தான் ஜாக்சன் சம்பளம் கொடுத்துத் தம்முடன் அழைத்து வந்திருந்தார்.

வயோமிங் மாநிலமே கடுமையான சோதனையாக அமைந்தது. பாலமில்லாத ஓடைகள் குறுக்கிட்டன. வேகமாக வந்து ஓடையில் இறங்குவார்கள். வண்டி சேற்றில் புதையும். உடனே கப்பியை மரத்திலோ தரையில் அறைந்த முளையிலோ கட்டி, கயிற்றைச் சுற்றி, வண்டியை அங்குலம் அங்குலமாக மறுகரைக்கு இழுப்பார்கள். ஒரே நாளில் பலமுறை இப்படி. சில ஆறுகளைக் கடக்க இரயில் பாலமே துணை. தண்டவாளக் கட்டைகளின் மேல் வண்டி குலுங்கிக் குலுங்கிச் செல்லும். ஒரு கட்டத்தில் வழி தவறி, 36 மணி நேரம் உணவே இல்லாமல் அலைந்தனர். அப்போது தனியாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் அவர்களைக் கண்டு, வாட்டிய ஆட்டிறைச்சியும் வேகவைத்த சோளமும் கொடுத்துப் பசியாற்றினார். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். ஜாக்சன் தம் துப்பாக்கிகளுள் ஒன்றை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுச் சென்றார்.

அதற்குள் பந்தயத்தின் தன்மையே மாறிவிட்டிருந்தது. ஒரு தனிமனிதர் இவ்வளவு தூரம் வந்துவிட்டதை மகிழுந்து நிறுவனங்கள் அறிந்தன. ஜூன் 20ஆம் நாள் பேக்கார்டு நிறுவனத்தின் மகிழுந்து சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பியது. ஜூலை 6ஆம் நாள் ஓல்ட்ஸ்மொபில் மகிழுந்தும் கிளம்பியது. பேக்கார்டை ஓட்டியவர் அந்த நிறுவனத்தின் ஊழியர். அவருக்கு உதிரிப்பாகங்களும் உதவியாளர்களும் நிறுவனமே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. ஜாக்சனிடமோ அவருடைய சொந்தப் பணமும் கிராக்கரும்தான். இயந்திரத்தின் முக்கியப் பாகம் உடைந்துபோக, விண்டன் தொழிற்சாலையிலிருந்து மாற்றுப் பாகம் இரயிலில் வரும் வரை அவர் வயோமிங்கில் நாள்கணக்கில் காத்திருந்தார். பின்னாலிருந்து ஒரு வண்டி வந்துகொண்டிருப்பது தெரிந்தும், கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டிய நாள்கள் அவை. இரயில் இல்லாவிட்டால் அந்த மகிழுந்து நகர்ந்திருக்காது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மகிழுந்து தன் காலில் நிற்கத் தொடங்காத காலம் அது.

ஜூலை 12ஆம் நாள் ஒமாஹா நகரை அடைந்தனர். அதன் பிறகு சாலைகள் ஓரளவு நன்றாக இருந்தன. ஊர்களும் நெருங்கி வந்தன. சிக்காகோ, கிளீவ்லேண்ட் எனக் கடந்து சென்றனர். பஃபலோ நகரத்தின் அருகே, பாதையில் மறைந்திருந்த தடையில் வண்டி மோதி மூவரும் தூக்கி எறியப்பட்டனர். நல்லவேளையாக யாருக்கும் பெரிய காயமில்லை.

1903 ஜூலை 26. விடியற்காலை 4.30 மணி. புழுதியும் சேறும் அப்பிய ‘வெர்மாண்ட்’ நியூயார்க் நகரத்தின் அமைதியான தெருக்களில் நுழைந்தது. புறப்பட்டதிலிருந்து 63 நாள், 12 மணி நேரம், 30 நிமிடம் ஆகியிருந்தன. வண்டியின் விலை, கிராக்கரின் சம்பளம், எரிபொருள், டயர், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து ஜாக்சன் செலவிட்டது ஏறத்தாழ 8,000 டாலர். 50 டாலர் பந்தயத்திற்காக! அந்த 50 டாலரையும் அவர் கடைசிவரை வாங்கிக்கொள்ளவில்லை. பேக்கார்டு மகிழுந்து ஆகஸ்ட் 21ஆம் நாள் வந்து சேர்ந்தது. அது எடுத்துக்கொண்ட காலம் இரண்டு நாள் குறைவு. ஆனால், முதலில் வந்தது ‘வெர்மாண்ட்’.

வெற்றிக்குப் பின்னால் ஒரு பழியும் வந்தது. வழியில் சில இடங்களில் வண்டியை இரயிலில் ஏற்றிக்கொண்டு போனார் என்று யாரோ கிளப்பிய வதந்தி பரவியது. காத்திருந்த நாள்கள் பல. சாட்சியில்லாத பாலைவெளிகள் பல. சந்தேகப்படுவது எளிது; பொய்யென்று காட்டுவது கடினம். உண்மையான உழைப்பைப் பொய்யென்று சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? வதந்தியை உண்மையென்று மெய்ப்பிப்பவருக்கு 10,000 டாலர் பரிசளிப்பதாக விண்டன் நிறுவனம் அறிவித்தது. ஜாக்சன் தம் பங்கிற்கு மேலும் 15,000 டாலர் சேர்த்தார். மொத்தம் 25,000 டாலர். பயணச் செலவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். பரிசைக் கேட்டு எவரும் வரவில்லை. வதந்தி மெல்ல ஓய்ந்தது.

ஊர் திரும்பிய ஜாக்சன் அதே வண்டியைத் தம் நகரமான பர்லிங்டனில் ஓட்டினார். அந்த அக்டோபரில் காவலர்கள் அவரைப் பிடித்தனர். மணிக்கு ஆறு மைல், அதாவது ஏறக்குறைய 10 கிலோமீட்டர் என்ற வேக வரம்பை மீறினார் என்பது குற்றச்சாட்டு. கண்டத்தையே கடந்தவர், சொந்த ஊர்த் தெருவில் அபராதம் கட்டினார்.

கிராக்கரின் கதை இவ்வளவு இனிமையாக அமையவில்லை. பெயரும் புகழும் பெரும்பாலும் வண்டியின் உரிமையாளருக்கே சென்றன. அடுத்து உலகத்தையே மகிழுந்தில் சுற்றிவர வேண்டும் என்று கிராக்கர் விரும்பினார். அதற்குப் பணம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. 1913இல், இளம் வயதிலேயே அவர் காலமானார். நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைக்கும் லிங்கன் நெடுஞ்சாலைக்கான தொடக்கவிழா நடந்ததும் அதே ஆண்டில்தான். அவர் தோள்கொடுத்துத் தள்ளிய சேற்றுத் தடங்கள் சாலைகளாக மாறியதைப் பார்க்க அவர் இல்லை.

ஜாக்சன் நீண்ட நாள் வாழ்ந்தார். முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபோது அவருக்கு 45 வயது. வயது கடந்துவிட்டது என்று ஒதுங்காமல், படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்து பிரான்சில் பணியாற்றினார். வீரத்திற்கான உயரிய பதக்கம் ஒன்றையும் பெற்றார். நாளேடு நடத்தினார், வங்கித் தலைவராக இருந்தார். 1936இல் வெர்மாண்ட் மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். எந்த வேலையில் இருந்தாலும், யாராவது கேட்டால் போதும், அந்த 63 நாள் கதையைச் சொல்ல உட்கார்ந்துவிடுவார். பட் அவர் வீட்டிலேயே வளர்ந்து, அங்கேயே தன் வாழ்நாளைக் கழித்தது.

1944இல் அவர் தம் மகிழுந்தை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். பயணத்தின்போது வெளிவந்த செய்தித்தாள் துண்டுகளையும் சேர்த்தே கொடுத்தார். 1955 ஜனவரியில், தம் 82ஆம் வயதில் அவர் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான், மாநிலங்கள் அனைத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலைகளை அமைப்பதற்கான சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. ‘வெர்மாண்ட்’ இன்றும் அந்த அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பட் அணிந்திருந்த சிறிய கண்காப்புக் கண்ணாடியும் அங்கேதான் இருக்கிறது.